இலையுதிர் காட்டுக்குக் கிளம்பும் முன்: கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

தியாகதுருகம் மலைக்கோட்டையில் ஏறி மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீளமாகக் கிடப்பது தெரியும். கார்த்திகையில் கரும்பச்சையாக இருக்கும் அந்த மலை, மாசி பிறந்ததும் பழுப்பாகிவிடும். "மலையே காஞ்சு போச்சு, இப்பப் போயி என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர். காட்டை மழைக்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இலையுதிர் காட்டை இலை உதிர்க்கிற காலத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும். குடும்பத்தோடு ஒருநாள் போய் வர நினைப்பவர்களுக்கு, கிளம்புவது முதல் வீடு திரும்பித் துணி துவைப்பது வரை உதவும் குறிப்புகள் இவை.

1. மாதம் பார்த்துக் கிளம்புங்கள். மார்கழி வரை காடு அடர்த்தியாக இருக்கும். தை பாதியில் இலைகள் மஞ்சளிக்கும். மாசியில் பெரும்பாலான மரங்கள் மொட்டையாகிவிடும். அப்போதுதான் புரசும் முள்ளிலவும் கோங்கும் பூக்கும். சித்திரையில் சரக்கொன்றை. கோடைமழை இரண்டு முறை பெய்துவிட்டால் போதும், காய்ந்த கிளைகளில் தாமிர நிறத்தில் தளிர் கிளம்பிவிடும். என்னைக் கேட்டால் தை கடைசி வாரமும் மாசி முதல் வாரமும்தான் சிறந்த காலம். வெயில் இன்னும் ஏறியிருக்காது, மலைமேல் காலையில் குளிரும் இருக்கும், பூவும் பார்க்கலாம், சருகும் பார்க்கலாம். காணும் பொங்கலையும் ஆடிப் பதினெட்டையும் தவிர்த்துவிடுங்கள். கோமுகி அணைப் பக்கம் அன்றைக்குக் கூட்டம் நெரியும்.

2. "மரம் செத்துப் போச்சா?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இலை வழியாக மரம் ஓயாமல் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கிறது. மழை நின்று மண் வறண்டதும், அந்தச் செலவை நிறுத்த இலையை உதிர்க்கிறது. உதிர்க்கும் முன் இலையில் இருக்கும் சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பு சேரும் இடத்தில் தக்கை போன்ற ஓர் அடுக்கு உருவாகி, இலை தானாகக் கழன்று விழுகிறது. கீழே கிடக்கும் சிறு குச்சி ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். இலை இருந்த இடத்தில் தழும்பும், அதற்கு மேலேயே அடுத்த பருவத்துக்கான மொட்டும் இருக்கும். லண்டனில் இருக்கும் பேரன் பேத்திகள் வந்திருந்தால் இன்னொன்றும் சொல்லலாம். அங்கே ஓக்கும் பீச்சும் அக்டோபர், நவம்பரில் உதிர்ப்பது குளிருக்கும் வெளிச்சக் குறைவுக்கும். இங்கே உதிர்ப்பது வறட்சிக்கு. அங்கே மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்குள், ஏப்ரல், மே மாதங்களில் தரையில் நீல மணிப்பூக்கள் பூத்து முடித்துவிடும். இங்கே மொட்டைக் கிளையிலேயே பூ வந்துவிடுகிறது.

3. வழி எளிது. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 12 கி.மீ. அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு மலைச்சாலையில் கரியாலூர், வெள்ளிமலை. பேருந்தும் உண்டு. அணையைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஏறும்போதே காடு மாறுவது தெரியும். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் வரை முள்ளும் புதரும். 400 முதல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடு. அதற்கு மேல் சமதளம், வயல்கள், ஓடையோரங்களில் இலை உதிராத சோலைகள். மூன்று விதமான காடு ஒரே பயணத்தில் கிடைக்கிறது. ஆகவே ஏறும்போது தூங்க வேண்டாம், இறங்கும்போது தூங்கிக்கொள்ளலாம்.

4. காட்டைப் பார்க்கக் காட்டுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இந்த மலைச்சாலை இலையுதிர் காட்டின் நடுவே போகிறது. அகலமான திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டிச் சாலை ஓரமாகவே அரை மணி நேரம் நடந்தாலும் இந்தக் கட்டுரையில் வரும் மரங்களில் பாதியைப் பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் இருப்பது பெரும்பாலும் காப்புக்காடு. உள்ளே போக வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் தனியார் நிலத்தின் வழியாகக்கூடப் பொது நடைபாதை உண்டு, யாரும் நடக்கலாம். நம்முடைய சட்டம் வேறு. 1882-ல் வந்த வனச்சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. கோடைத் தீக்காலத்தில் மலையேற்றத்தை வனத்துறை நிறுத்திவிடும். அப்போது கெஞ்சிக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

5. உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். முழுக்கை, முழுக்கால், மூடிய செருப்பு அல்லது ஷூ. நைலான் கலந்த துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். சருகுக் காட்டுக்கு அது ஆகாது. புடவை கட்டுபவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாலும் முள்ளில் மாட்டும், ஒருநாளைக்குச் சுடிதார் நல்லது. மார்கழி, தையில் மலைமேல் போகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி வெயிலை வைத்து வெள்ளிமலையைக் கணக்குப் போடக் கூடாது.

6. சாப்பாட்டை மந்தாரை இலையில் கட்டுங்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், எள்ளுப் பொடி சாதம் மூன்றும் மதியம் வரை கெடாது. தேங்காய், தயிர் சேர்த்தது வேண்டாம். காய்ந்த மந்தாரை இலையை ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மடித்தால் ஒடியாது. சாதத்தை நன்றாக ஆறவிட்டுக் கட்ட வேண்டும், சூட்டோடு கட்டினால் வியர்த்துச் சளசளத்துவிடும். தையல் இலைக்குப் பயன்படும் புரசும் மந்தாரையும் இலையுதிர் காட்டு மரங்கள்தான். சாப்பிட்டு முடித்த இலையைக்கூடக் காட்டில் போட வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் சோற்றுக்கும் உப்புக்கும் குரங்கும் பன்றியும் சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும்.

7. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மாசிக்குப் பிறகு சிற்றோடைகள் வற்றிவிடும். நிழலும் இருக்காது. இதுதான் பலர் மறக்கும் விஷயம். வரைபடத்தில் காடு என்று பச்சையாக இருக்கும், போய்ப் பார்த்தால் தலைக்கு மேல் ஒரு இலை இருக்காது. தொப்பியோ துண்டோ கட்டாயம். நீர்மோரில் உப்பு, பெருங்காயம் போட்டு ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப்போவது குளிர்பானத்தைவிட எவ்வளவோ மேல். காலை பதினொரு மணிக்குள் குடித்துவிடுங்கள், அதற்குமேல் புளித்துவிடும்.

8. மலைவளைவில் வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் எண்ணெய்ப் பலகாரம் தராதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் இருக்கையில் உட்காரவைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சுக்குத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். கைபேசியைப் பார்த்தபடி வளைவு ஏறினால் பெரியவர்களுக்கும் குமட்டும்.

9. பெட்ரோல், பணம் இரண்டையும் கள்ளக்குறிச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகவும்.

10. தீ. இந்தக் குறிப்பை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மாசி, பங்குனியில் காட்டுத் தரையில் கணுக்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கும். தேக்கு இலை ஒன்றைக் கையில் நொறுக்கிப் பாருங்கள், அப்பளம்போல உடையும். ஒரு பீடித் துண்டு போதும், மலைச்சரிவு முழுதும் எரியும். தீப்பெட்டி, லைட்டர், அடுப்பு எதையும் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். சாலையோரத்தில் கல் கூட்டிப் பிரியாணி செய்கிறவர்களைப் பார்த்தால் சும்மா போகாதீர்கள், அணைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை அருகே வைத்துப் பார்த்தால் சூடு தெரிகிற வரை அது அணைந்த நெருப்பு ஆகாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த புல் மூடிய சரிவு அது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன.

எங்கோ புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்கப் போகாமல் உடனே சாலைக்குத் திரும்புங்கள். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும், இறங்கும்போது மெதுவாகத்தான் வரும். ஆகவே மேலே ஓடக் கூடாது. பாறைவெளி, மணல் கிடக்கும் ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை ஆகிய மூன்றும்தான் அடைக்கலம். வாயை ஈரத்துணியால் மூடிக் குனிந்து நடக்கவும். தீயைக் கண்டவுடன் 112-க்கு அழைத்து, அருகிலுள்ள ஊர்ப்பெயரைச் சொல்லவும்.

11. இலை இல்லாத மரத்தை எப்படி அடையாளம் காண்பது? பட்டையைப் பாருங்கள். இலை மறைக்காததால் இந்தப் பருவத்தில்தான் பட்டை நன்றாகக் கண்ணில் படும். கருமருதின் பட்டை முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வெக்காலி வழுவழுப்பாக, சாம்பல் கலந்த வெள்ளையாக நிற்கும். முள்ளிலவின் அடிமரத்தில் கூம்பு கூம்பாக முள். வேங்கையில் காயம்பட்ட இடத்தில் ரத்தச் சிவப்பாகப் பிசின் வடிந்து உறைந்திருக்கும். அதைப் பார்ப்பதற்கென்று கத்தியால் கீறிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே மாடு உரசிய, கிளை ஒடிந்த இடத்தில் தேடினாலே கிடைக்கும். நெல்லி மரத்தடியில் குனிந்து பாருங்கள். அது இலைகளைச் சிறு கிளையோடு சேர்த்தே உதிர்க்கும். சருகுக்கு நடுவே ஈர்க்குச்சி ஈர்க்குச்சியாகக் கிடந்தால் பக்கத்தில் நெல்லி இருக்கிறது என்று அர்த்தம். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் வளரும் காடு இது. திரிபலா என்று டப்பாவில் வாங்குவதன் தாய் மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

12. புரசு பூத்திருந்தால் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். எங்கள் பக்கம் 'பொரசு' என்போம். தூரத்தில் பார்த்தால் கிளையெல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு. கீழே விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுங்கள். புல்லிவட்டம் கரும்பச்சையாக, வெல்வெட்டுத் துணியைத் தடவுவதுபோல் இருக்கும். அதிலிருந்து கிளி மூக்காக வளைந்த இதழ் நீண்டிருக்கும். பத்து நிமிடம் பேசாமல் நின்றால் மைனாவும் தேன்சிட்டும் வந்து பூவுக்குள் தலையை விடுவதைப் பார்க்கலாம். தலையை வெளியே எடுக்கும்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருக்கும். இலை இல்லாத நேரத்தில் பூப்பதால் பறவைக்குப் பூ தூரத்திலிருந்தே தெரிகிறது, மரத்துக்கும் வேலை நடக்கிறது. விழுந்த பூக்களைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். ஆனால் அதற்கான பூவை உங்கள் ஊர் ஏரிக்கரைப் புரசில் பொறுக்குங்கள். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

13. சேராங்கொட்டை மரத்தடியில் உட்காராதீர்கள். பார்க்க முந்திரிபோல இருக்கும், ஆரஞ்சு நிறச் சதையின் நுனியில் கறுப்புக் கொட்டை. பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்குவார்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். வண்ணார் துணிக்குக் குறிபோடப் பயன்படுத்திய கொட்டை இதுதான். பட்டுவிட்டால் தேய்க்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். முகத்தில், கண்ணருகில் பட்டால் மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

14. பூனைக்காலிக் காய் கொடியில் தொங்கும், பழுப்பு நிறத்தில் பட்டுமயிர் மூடியிருக்கும். காற்றடித்தாலே அந்த மயிர் பறந்து அரிக்கும். கையால் சொறிந்தால் மயிர் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பைத் தோலில் மெதுவாக ஒட்டி ஒட்டி எடுத்தால் மயிர் அதோடு வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். காஞ்சொறி பட்டாலும் இதே முறை. ஆகவே பையில் ஒரு டேப் உருளை இருக்கட்டும்.

15. சருகில் நடக்கும்போது கையில் ஒரு கோல் வைத்துக்கொள்ளுங்கள். கால் வைக்கும் இடத்தைத் தட்டிவிட்டு நடக்கவும். விழுந்த மரத்தை ஒரே எட்டில் தாண்டக் கூடாது. மேலே கால் வைத்து, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்கவும். சருகு நிறத்திலேயே கிடக்கும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கண்ணுக்குத் தெரியாது. கல்லைப் புரட்டுவது, பொந்தில் கைவிடுவது, விறகு பொறுக்குவது மூன்றும் வேண்டாம்.

16. பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய்வைத்து உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கைகாலை அசையாமல் குச்சிவைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றுங்கள். 108-க்குச் சொல்லிக்கொண்டே கீழே இறங்கத் தொடங்கிவிடுங்கள், எதிரே வரும் ஆம்புலன்ஸில் மாற்றிக்கொள்ளலாம். சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வைத்தியம். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

17. இந்த மலையில் கரடி உண்டு. இலுப்பைப் பூ உதிரும் பங்குனி, சித்திரையில் விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் இலுப்பை மரத்தடிக்கு வரும். கொன்றைக் காயும் புற்றுக் கரையானும் அதற்கு ஆகாரம். நாலரை மணிக்கெல்லாம் காட்டுப் பகுதியிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். சின்னக் குரலில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது. திடீரென்று நேருக்கு நேர் பார்த்துவிடுவதுதான் ஆபத்து. பாட்டுப் பெட்டி வைத்து அலறவிடுவது வேறு. அது மற்றவர்களுக்கும் பறவைகளுக்கும் செய்கிற கொடுமை.

18. குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை சாலையிலேயே குடியிருக்கின்றன.

19. அருவிக்குப் போகிறவர்கள் மேகம் அருவி, பெரியார் அருவி என்று பெயர் கேட்டு வருகிறார்கள். கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும், மழைக்காலத்தில் அழகு. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மலைமேல் மழை கொட்டியிருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ ஒரு நொடியும் யோசிக்காமல் கரையேறுங்கள். பையையும் செருப்பையும் விட்டுவிடுங்கள். இதே மலையின் ஆத்தூர்ப் பக்கச் சரிவில், ஆனைவாரி முட்டல் அருவியில், 2021 அக்டோபரில் திடீர் வெள்ளம் வந்தது. பாறையில் சிக்கிய தாயையும் கைக்குழந்தையையும் அங்கிருந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள். எல்லா நேரமும் அப்படி ஆள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

20. வீடு திரும்பியதும் முதல் வேலை குளியல். உடம்பு முழுக்கப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டி அழுத்தும் இடம், காதுக்குப் பின்புறம் ஆகியவற்றை மறக்காதீர்கள். உண்ணி கடித்து ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிச் சிமிட்டாவால் பிடித்து நேராக இழுத்து எடுக்கவும். மண்ணெண்ணெய், சிகரெட் சூடு எதுவும் வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் வருகிறது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் இது நிறையவே காணப்படுகிறது. கடித்த அன்று எதுவும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு இருக்கலாம், அது வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. காட்டுக்குப் போய் வந்த பிறகு காய்ச்சல் கண்டால், "நான் காட்டுக்குப் போயிருந்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகிவிடும். தள்ளிப்போட்டால் நுரையீரல், மூளை வரை பாதிக்கும்.

21. துணியில் ஒட்டிய நாயுருவி, ஒட்டுப்புல் விதைகளை ஊறவைக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். நனைந்தால் இறுகிவிடும். துணியை விரைப்பாகப் பிடித்து, பழைய பேன்சீப்பாலோ கத்தியின் மழுங்கிய முதுகாலோ ஒரே திசையில் வழித்தால் உதிர்ந்துவிடும். செய்தித்தாள் விரித்து அதன்மேல் செய்யவும். விதைகளைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும். துணிகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

22. மலைமேல் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தாய்மொழி தமிழ்தான். பெயரை வைத்துக் கேரளமா என்று கேட்க வேண்டாம். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-ல்தான் இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. பள்ளிக்கும் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டு வாசலிலும் கோயிலிலும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வயது மூத்தவர்களை அய்யா, அம்மா என்று கூப்பிட்டு, வழி கேளுங்கள், மரத்தின் பெயர் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பொருள் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். சாமை, புளி, கடுக்காய், தேன் எதுவானாலும் நேரடியாக அவர்களிடம் வாங்கினால் காசு முழுதும் அவர்கள் கைக்குப் போகும்.

23. மலைச்சாமை வாங்கி வந்தால், முதலில் முறத்தில் புடைத்து உமியைப் போக்குங்கள். பிறகு இரண்டு பாத்திரம் மாற்றி மாற்றித் தண்ணீரில் அரித்துக் கல் எடுக்கவும். அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். தவிட்டோடு இருக்கும் சாமை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். லேசாக வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து, மூடி இறுகிய டப்பாவில் வைத்தால் வண்டு அண்டாது.

24. கடுக்காயை உடைத்து உள்கொட்டையை நீக்கிவிட்டு மேல்தோலை மட்டும் வெயிலில் காயவைத்துப் பொடிக்கவும். பூந்திக்கொட்டை கிடைத்தால் பத்துக் கொட்டையை விதை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் நுரை வரும். பட்டுப்புடவை அலச அதைவிட நல்லது கிடையாது. வெள்ளி நகையையும் அதிலேயே தேய்க்கலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது போன்ற சோதனைகளால் கலப்படம் தெரியாது. தெரிந்த ஆளிடம் வாங்குவதுதான் ஒரே வழி.

25. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. இருந்தும் இலை உதிர்ந்த பிறகு மலைச்சாலை ஓரம் நடந்தால் மழைக்காலம் முழுக்கப் புதருக்குள் மறைந்திருந்த குப்பையெல்லாம் பளிச்சென்று தெரியும். கிளம்பும்போதே ஒரு பழைய அரிசிச் சாக்கை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குப்பையோடு, கண்ணில் படும் நாலு பாட்டிலையும் அதில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். கண்ணாடிப் பாட்டில் கிடந்தால் அதை முதலில் எடுக்கவும், காட்டு விலங்கின் காலைக் கிழிக்கும்.

26. கடைசியாக, வீட்டு வாசலில் உதிரும் சருகுக்கு. காட்டில் யாரும் கூட்டி எரிப்பதில்லை. விழுந்த இலை அங்கேயே மட்கி, அடுத்த மழைக்கு அதே மரத்துக்கு உரமாகிறது. சருகை ஒதுக்கி அடியில் இருக்கும் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும் என்று தெரியும். அதை வீட்டிலும் செய்யலாம். கொல்லையில் ஒரு மூலையில் செங்கலை இடைவெளிவிட்டு வட்டமாக மூன்றடி உயரத்துக்கு அடுக்குங்கள். சிமெண்ட் பூச வேண்டாம், காற்றுப் போக வேண்டும். அரையடிக்குச் சருகு, அதன்மேல் ஒரு கூடை மண், சாணிக் கரைசல் ஒரு வாளி என்று மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். புளி, வாகை, முருங்கை போன்ற சிறு இலைகள் சீக்கிரம் மட்கும். தேக்கு, மா, பலா இலைகளைக் கிழித்தோ மிதித்து நொறுக்கியோ போட வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மேலே நனைந்த சணல்சாக்கு போட்டு மூடி, மாதம் ஒருமுறை கிளறிவிடவும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் கறுத்து, மண்வாசம் வந்துவிடும். தொட்டிச் செடிக்கு இரண்டு கைப்பிடி போட்டால் போதும். நம் தெருக்களில் பங்குனி முழுக்கக் காலையில் சருகுப் புகை மூட்டமாக நிற்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அந்தப் புகையில்தான் மூச்சு விடுகிறார்கள். இந்த வருடம் உங்கள் வாசல் சருகுக்கு மட்டுமாவது தீ வைக்காமல் இருங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லிப் பாருங்கள்.